டோனர் தீர்ந்த வானம்

விண்வெளி என்றால் கறுப்பு என்று
ஒவ்வொரு கட்டத்தையும் மையால் நிரப்பி
முப்பத்திரண்டு பக்கம் வரைந்து
கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே
ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனேன்.
நாலாவது பிரதியில் சிராஜ் அண்ணன் நிறுத்திவிட்டார்.
"என்னம்மா, ராத்திரியையே காப்பி எடுக்கச் சொல்றியா?
ஒரு டப்பா டோனர் உன் வானத்துக்கே போயிடும்."

அன்றைக்கே வானத்தை அழித்தேன்.
நட்சத்திரங்களையும்.
சிறையின் சன்னலுக்கு வெளியே வெறும் தாள்.
ஆடி மாதம் கொடநாட்டு வளைவில்
எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு மட்டும் தெரியுமே,
அந்த வெள்ளை.
வாங்கியவர்கள் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

கலத்தின் பெயர் புறவட்டம் ஏழு.
உள்ளே நூற்றுப் பன்னிரண்டு பெண்கள்.
குற்றங்களை எழுதியது யோகமலர்:
கணக்குக் கேட்டவள்,
கதவைத் திறக்க மறுத்தவள், திறந்துவிட்டவள்,
தூக்கத்தில் சிரித்தவள்.
ஒருத்தியின் கோப்பில் மட்டும் எதுவும் இல்லை.
அவளைத்தான் ஆறு பூட்டுக்குள் வைத்தோம்.

விடிந்தால் பெரட்டு.
அந்தச் சொல்லை மாற்ற யோகமலர் சம்மதிக்கவில்லை.
எழுபத்து நாலில் அவள் அப்பா
சிறுபையனாகக் கப்பலில் கொண்டுவந்தது.
ராமேஸ்வரத்தில் பெட்டியைக் கிளறியவர்கள்
அதைக் கண்டுபிடிக்கவில்லை.
வார்டன் எண்களை வாசிக்க
அறைகளிலிருந்து மிதந்து வருவார்கள்.
தலைகீழாய் நிற்பவளுக்கும் ஆஜர் உண்டு.
பூட்ஸில் காந்தம் வார்டனுக்கு மட்டும்.

வேலை, கண்ணாடிக் குழாய்களில் பாசி பறிப்பது.
நாளுக்கு இருபது கிலோ.
குறைந்தால் மூச்சுக்காற்றில் பிடித்தம்.
பதினேழாம் பக்கம் முழுக்க ஒரே படம்:
தராசு, கொக்கி, சாக்கு, நீண்ட வரிசை,
கொக்கியை ஒட்டி வார்டனின் கட்டைவிரல்.
அந்த விரலுக்கே எனக்கு இரண்டு நாள் ஆனது.
ஏன் அங்கே வரைந்தேன் என்று
அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

அறுபது பிரதி, இருபது ரூபாய்.
சந்தையில் கேரட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் விரித்து
முப்பத்தெட்டு விற்றோம்.

ஒரு செவ்வாய் சாயங்காலம்
விரல்நுனியெல்லாம் கொழுந்துக் கறையோடு
தங்கேஸ்வரி அக்கா எங்களை நிறுத்தினாள்.
கையில் புத்தகம், பதினேழாம் பக்கம் மடித்திருந்தது.
"இவங்க மிதக்குறாங்க.
சாக்கும் மிதக்கும்தானே?
அப்புறம் முள்ளு எப்பிடி இருபதக் காட்டும்?"
பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

விழுந்த சில்லறையைத் தேடுவதுபோல
தரையைப் பார்த்து நின்றோம் இரண்டு பேரும்.
ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று
தினமும் கழிக்கும் தராசின் நிழலில்
பள்ளிப் பாடம் எழுதியவள் யோகமலர்.
அவளுக்கே தோன்றவில்லை,
எடையே இல்லாத ஓர் இடம் இருக்கும் என்று.

தப்பை ஒட்டி மறைக்கலாம் என்றேன் நான்.
செயற்கை ஈர்ப்பு, சுழலும் சக்கரம், ஏதாவது.
அவள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.
பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள்
என் கட்டைவிரலின்மேல்,
நான் வரைந்த கட்டைவிரலின்மேல்,
நகத்தால் தட்டினாள்.

இரண்டாம் இதழ் அங்கே தொடங்குகிறது.
கோப்பில் எதுவும் இல்லாதவள்
வெறும் கொக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு
"கையை எடுங்க" என்கிறாள்.
அடுத்த கட்டத்தில் முள், பூஜ்யத்தில்.
அதற்கடுத்த எட்டுக் கட்டங்களில் வசனம் கிடையாது.
கடைசிப் பக்கத்தில்
அவள் கோப்பில் முதல் வரி எழுதப்படுகிறது.

சிராஜ் அண்ணன் இந்த முறை தாள்களைப் புரட்டி
"ஒரே ஒரு விரலுக்கா இத்தனை கறுப்பு?" என்றார்.
காசைக் குறைத்துக்கொள்ளவில்லை.

தங்கேஸ்வரி அக்காவுக்கு ஒன்று இலவசமாய்க் கொடுத்தோம்.
படித்தாளா என்று தெரியாது.
வியாழக்கிழமை எடைக் கொட்டகையில்
சாக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டு
வழக்கம்போல நகராமல்
கணக்குப்பிள்ளையின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாளாம்.
பின்னால் நின்றவர்களும்.

அன்றைக்கு அவளுக்கு
முப்பத்தொன்றே கால் கிலோ.